சாருக்குக் கூட்டம் சேர்ந்தது

மைக்கைப் பிடித்துக்கொண்டு ராஜகோபால் சார் அழுதேவிட்டார். "சிட்டிபாபு எனக்குக் கூடப் பொறந்த தம்பி மாதிரி. அவன் செஞ்ச குத்தம் என்ன? புடவைக்கு டிசைன் போட்டதா?" என்று அவர் தழுதழுத்தபோது, செவிலிமேடு பஸ் ஸ்டாப் வரைக்கும் நின்ற கூட்டம் கை தட்டியது.

மேடை ஓரத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்த சம்பூர்ணம் அவரைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டாள். புருஷனைப் போலீஸ் கொண்டுபோய் எட்டு நாள் ஆகிறது. சொந்தக்காரன் ஒருத்தன் எட்டிப் பார்க்கவில்லை. இந்த மனுஷர் ஒருவர்தான் தெருத்தெருவாக அலைகிறார்.

டில்லியில் புதுச் சட்டம் வந்து ஆறு மாதம் இருக்கும். வெளிநாட்டுக்காரன் பேச்சைக் கேட்டு உள்ளூரில் சதி செய்கிறவனைப் பிடிக்க என்றார்கள். பிடித்தால் ஜாமீன் கிடையாது, காட்டிக்கொடுத்தவன் பேரையும் வெளியில் சொல்ல மாட்டார்கள்.

"இது அந்நியனைப் பிடிக்காது, நம்மளைத்தான் பிடிக்கும்" என்று ரிடையரான வாத்தியார் ராஜகோபால் அன்றிலிருந்து தொண்டை கிழியக் கத்தினார். ஊதுகிற சங்கை ஊதினார், கேட்கத்தான் நாதியில்லை. ஐந்து பேர் வருவார்கள், அதில் இரண்டு பேர் மைக் செட் போட்டவர்கள்.

சிட்டிபாபுவே கிண்டல் செய்தவன்தான். "காஞ்சிவரத்துக்கு வந்து வெளிநாட்டுக்காரன் இன்னா சார் பண்ணுவான்? இட்லி துன்னுட்டுப் போவான். நம்மளாட்டம் ஆளுங்கள எதுக்குப் புடிக்கப் போறாங்க?" என்று டீக்கடையில் நாலு பேர் சிரிக்கும்படி கேட்டான். சாரும் கூடச் சேர்ந்து சிரித்தார்.

பெரிய மனது அவருக்கு. மறுநாளே வீடு தேடி வந்து, கட்டம் போட்ட தாளில் அவன் புள்ளி வைப்பதை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "எனக்கு ஒண்ணுமே புரியலியேப்பா, இதுல எங்க இருக்கு மயில்?" என்று வியந்துவிட்டு, சம்பூர்ணம் கொடுத்த காபியைக் குடித்துவிட்டுப் போனார்.

ஒரு கட்டத்துக்கு ஒரு இழை என்று கணக்கு. அந்தப் புள்ளியைப் பார்த்து அட்டையில் ஓட்டை குத்தித் தறியில் மாட்டினால் முந்தானையில் மயில் இறங்கும். இதைச் சிட்டிபாபு எத்தனை தடவை சொல்லியும் போலீஸ் நம்பவில்லை. புள்ளித் தாள், ஓட்டை அட்டை, சிங்கப்பூர் புடவைக் கடைக்காரர் போட்ட கடிதங்கள் எல்லாவற்றையும் மூட்டை கட்டி, ரகசிய எழுத்து என்று சீல் வைத்துவிட்டார்கள்.

இன்று காலையில்தான் அவனைப் பார்க்க விட்டார்கள். வலது கை விரல் ஐந்தும் வீங்கிப்போய் மடங்கவில்லை. தண்ணீர் டம்ளரைக்கூட அவள்தான் வாயில் வைக்க வேண்டியிருந்தது.

இன்ஸ்பெக்டருக்கே மனசு கேட்கவில்லை போலிருக்கிறது, தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். "ஒரு ஆளு பேர் போட்டு, கையெழுத்துப் போட்டு எழுதின கடுதாசிம்மா. அந்த ஆளே வந்து தப்பா எழுதிட்டேன்னு சொன்னா வுட்டுடலாம். வெள்ளிக்கிழமை ஃபைல் மெட்ராஸ் போயிடும், அப்பால சாமியே வந்தாலும் ஒண்ணும் ஆவாது."

"யாரு சார் அந்தப் பாவி?"

"சட்டப்படி சொல்லக்கூடாதும்மா."

இன்றைக்குப் புதன்கிழமை. கூட்டம் முடிந்ததும் சம்பூர்ணம் ஓடினாள். சாரைச் சுற்றி ஒரே மாலையும் சால்வையும். முண்டியடித்து உள்ளே போய், இன்ஸ்பெக்டர் சொன்னதை மூச்சு வாங்க ஒப்பித்தாள்.

"ரெண்டே நாளுதான் சார் இருக்குது. அவன் நம்ம ஊருலயேதான் எங்கியோ சுத்திக்கினு இருப்பான். உங்களுக்குத் தெரியாத ஆளா? யாருன்னு மட்டும் சொல்லுங்க சார், கால்ல வுழுந்தாவது இட்டுக்கினு போறேன்."

ராஜகோபால் கழுத்து மாலையைக் கழற்றினார். கலையாமல் நின்ற கூட்டத்தை ஒரு தரம் கண் நிறையப் பார்த்தார். பிறகு அவள் தலைமேல் அன்பாகக் கையை வைத்தார்.

"ஞாயித்துக்கிழமை மெட்ராஸ்ல மாநாடும்மா, பத்தாயிரம் பேர் வராங்க. அது முடியட்டும், நான் எழுதினது தப்புன்னு நானே போய்ச் சொல்லிடறேன்."