மாடிப்படியில் உருண்ட மூச்சு

பையின் அடி கிழிந்து மெஷின் வெளியே குதித்தபோது, லிஃப்ட் மெக்கானிக் மூன்றாம் மாடியின் கடைசிப் படியில் ஒரு காலை வைத்திருந்தார்.

முதலில் டங்கென்று ஒரு சத்தம். பிறகு தடதடவென்று, யாரோ கோபித்துக்கொண்டு கீழே இறங்கிப் போகிற மாதிரி.

நீளமான குழாய் வாலைப் போல அதன் பின்னாலேயே ஓடியது.

காலையில்தான் கல்யாணம் பதிவாகியிருந்தது. ஐம்பத்திரண்டு வயதில் முதல் கல்யாணம். மனைவியின் வீட்டில் குடியேற, துணிமணியும் மேஜை விசிறியுமாக வந்திருந்தார். அந்தக் கட்டடத்தின் புது லிஃப்ட் வழக்கம்போலப் படுத்துவிட்டது. அதைக் குறை சொல்லவும் வாய் வரவில்லை. அது ஒழுங்காக உழைத்திருந்தால் மாதாமாதம் இவர் இங்கே வந்திருக்கவும் மாட்டார், மூன்றாம் மாடியில் இருக்கும் நீச்சல் டீச்சரைப் பார்த்திருக்கவும் மாட்டார்.

மெஷின் இரண்டு மாடி உருண்டு, விசிறியைத் தூக்கிக்கொண்டு பின்னால் வந்த டீச்சரின் காலடியில் போய் நின்றது.

"போச்சுடா!" என்றாள் மெக்கானிக்கின் அக்கா. தம்பியின் தலையணையை அணைத்தபடி அவளும் படியிலேயே நின்றுவிட்டாள்.

தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருகிறவர்களுக்கான மெஷின் அது. மாஸ்க்கைக் கட்டிக்கொண்டு படுத்தால் விடியும்வரை காற்றை ஊதிக்கொண்டே இருக்கும். முன்பு ஒரு இடத்தில் எல்லாம் பேசி முடித்த பிறகு, பெண்ணின் அண்ணன் அந்த மாஸ்க்கைப் பார்த்துவிட்டான். மாப்பிள்ளை ராத்திரியில் ஏரோப்ளேன் ஓட்டுகிறாரா என்று கேட்டான். அத்தோடு அந்தப் பேச்சு நின்றது.

அதனால்தான் இந்த முறை அக்கா கறாராகச் சொல்லியிருந்தாள்: "மொதல்ல கல்யாணம் முடியட்டும். மத்ததை மெதுவா ஊதிக்கலாம்."

டீச்சர் விசிறியை ஓரமாக வைத்துவிட்டு மெஷினைக் கையில் எடுத்தார். திருப்பித் திருப்பிப் பார்த்தார். இது என்ன என்று கேட்கவே இல்லை. அதைச் சுமந்துகொண்டு மேலே வந்து கதவைத் திறந்து, சாப்பாட்டு மேஜையில் வைத்தார்.

"ஒயர் எங்க?"

மெக்கானிக் எடுத்துக் கொடுத்தார். லிஃப்ட் குழிக்குள் கயிற்றைப் பிடித்துத் தொங்கியபோதுகூட அவருக்கு இத்தனை பயம் வந்ததில்லை.

டீச்சர் பொத்தானை அழுத்தினார். ஒரு கணம் ஒன்றுமில்லை. பிறகு ஸ்ஸ்ஸென்று காற்று வந்தது. குழாயின் முனையைக் கன்னத்தருகே பிடித்துப் பார்த்தார்.

"ரெண்டு மாடி உருண்டிருக்கு, கொஞ்சமாவது மூச்சு வாங்குதா பாருங்க!"

மெக்கானிக்குக்குப் பாதி உயிர் திரும்பியது. பயத்தில் கடகடவென்று பேச ஆரம்பித்தார். பதினோரு வருஷமாக உழைக்கிறது, கட்டிலிலிருந்து எத்தனையோ தடவை விழுந்திருக்கிறது, மூலை நசுங்கியதே தவிர மோட்டார் அசையவில்லை. புதுசு வாங்கச் சொன்னார்கள். கையில் எடுத்துப் பார்த்தால் சோப்பு டப்பா கனம்கூட இல்லை. இப்போது வருகிற லிஃப்ட்டும் அப்படித்தான், பளபளப்புதான் ஜாஸ்தி.

பேசிக்கொண்டே போனவர் சட்டென்று நிறுத்தினார்.

டீச்சர் மெஷினின் பின்பக்கத்து மூடியைத் தேடவே இல்லை. விரல் தானாக அங்கே போனது. உள்ளேயிருந்த ஃபில்டரை உருவி, வெளிச்சத்தில் பிடித்து, முகத்தைச் சுளித்தார்.

"இதை மாத்தி எவ்ளோ நாளாச்சு?"

பதிலுக்குக் காத்திராமல் படுக்கையறைக்குள் போனார். வெள்ளை வெளேரென்று சின்னதாக ஒன்றைக் கொண்டுவந்து பழையதன் பக்கத்தில் வைத்தார். கண்ணாடித் திரை மின்னியது. மூடியை ரப்பர் பேண்ட் பிடித்துக்கொண்டிருந்தது. தண்ணீர்த் தொட்டியின் விரிசல்மேல் டேப் ஒட்டியிருந்தது.

"இது மூணாவது. முந்தின ரெண்டும் ரெண்டு வருஷங்கூடத் தாங்கல. ஆனா காலையில போனுக்கு 'அருமையாத் தூங்கினீங்க'ன்னு மெசேஜ் மட்டும் தவறாம வந்துடும்."

மெக்கானிக் அந்த ரப்பர் பேண்டைத் தொட்டுப் பார்த்தார்.

"ஊர்ப் பிள்ளைங்களுக்கெல்லாம் தண்ணிக்குள்ள மூச்சு விடச் சொல்லிக் குடுக்கறேன். எனக்குக் கட்டில்ல விடத் தெரியலைன்னு உங்ககிட்ட எப்படிச் சொல்றது?" என்றார் டீச்சர். அடுத்த நொடியே சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

இவரும் சிரித்தார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வழிய, நாற்காலியில் சரிந்து சிரித்தார்.

"அப்போ, மாத்திக்கலாமா?" என்று டீச்சர் பழைய மெஷினைத் தன் பக்கம் இழுத்தார்.

"கிட்னி வேணும்னா கேளுங்க டீச்சர், தர்றேன். இதைத் தர மாட்டேன்."

சிரிப்பு அடங்கியதும் டீச்சர் அக்காவின் பக்கம் திரும்பினார். "அண்ணி, இன்னிக்கு இங்கயே தங்கிட்டுப் போங்களேன்."

நடக்காது என்று மெக்கானிக் தலையை ஆட்டினார். அக்கா இதுவரை எந்தச் சொந்தக்காரர் வீட்டிலும் ராத்திரி தங்கியதில்லை. எவ்வளவு கெஞ்சினாலும் கடைசி பஸ்ஸைப் பிடித்துவிடுவாள். கௌரவம் பார்க்கிறாள் என்று குடும்பமே பேசிக்கொள்ளும்.

அக்கா மேஜையிலிருந்த இரண்டையும் மாறி மாறிப் பார்த்தாள். தலையணையைக் கீழே வைத்தாள். கைப்பையின் ஜிப்பைத் திறந்து, உள்ளங்கையளவில், குழாய் சுற்றிய ஒன்றை எடுத்து, அவற்றின் பக்கத்தில் மெதுவாக வைத்தாள்.

"மூணாவது பிளக் இருக்கா?" என்றாள்.