அறைக்குள் வீசாத காற்று

கணவன் கதிரவனின் ஆய்வகத்துக்குள் வசுமதி அன்றுதான் முதன்முறையாகக் கால் வைத்தாள். கணினித் திரையில் ஓர் இடிமேகம் நின்றது. அதன் வயிற்றிலிருந்து குளிர்ந்த காற்று தொப்பென்று தரையில் விழுந்து நாலாபக்கமும் சுருண்டு உருண்டு வந்தது. எல்லாம் கணக்குப் போட்டு வரைந்த காற்று, சத்தமே இல்லை. அது திரையின் விளிம்பை எட்டியபோது, உடன் வேலை பார்க்கும் ஸ்டெல்லாவின் காகிதங்களைக் கதிரவன் உள்ளங்கையால் அழுத்திப் பிடித்தான். அதே நொடியில் ஸ்டெல்லா தன் கூந்தலைப் பிடித்துக்கொண்டாள். ஏசி அறையில் ஒரு தூசிகூட அசையவில்லை. தாங்கள் செய்ததை இருவருமே கவனிக்கவில்லை. அதுதான் வசுமதிக்குச் சுருக்கென்றது.

"எப்படி இருக்கு?" என்றான் கதிரவன்.

"கலர் நல்லா இருக்கு," என்றாள்.

மறுநாள் சாயங்காலம் நிஜமாகவே மேகம் கருத்தது. வசுமதி அவனை மொட்டைமாடிக்குக் கூட்டிப்போய், பின்னலை அவிழ்த்துவிட்டுக்கொண்டு பக்கத்தில் நின்றாள்.

"இப்ப வரும் பாரு," என்றான்.

காற்று வந்து அறைந்தது. கொடியில் கிடந்த அவள் சேலை பிய்த்துக்கொண்டு தெருவுக்குப் போயிற்று. முகத்தை மூடிய முடியை விலக்கிக்கொண்டு அவள் திரும்பிப் பார்த்தாள். கதிரவன் காகிதம் எதுவும் இல்லாத வெறும் கைப்பிடிச் சுவரின்மேல் உள்ளங்கையை விரித்து, பலமாக அழுத்திக்கொண்டு நின்றான்.