வெற்றுக் கட்டம்

திரையில் ‘இல்லை’ என்றிருந்தது.

அவள் தரவுத்தளத்தைத் திறந்து பார்த்தாள். அங்கே அந்தக் கட்டம் காலியாக இருந்தது.

மருந்து ஒவ்வாமை உண்டா என்ற கட்டம்.

தரவுத்தளத்துக்கு அதில் மூன்று நிலை தெரியும். உண்டு, இல்லை, இன்னும் நிரப்பவில்லை. அவள் எழுதிய நிரலுக்கு இரண்டுதான் தெரியும். நிரப்பாததை எல்லாம் அது ‘இல்லை’ என்று மாற்றிக்கொண்டிருந்தது. காலை எட்டு மணியிலிருந்து மருத்துவமனை முழுக்க அந்த நிரல்தான் ஓடுகிறது.

காலிக் கட்டங்களைத் தேடி எடுத்தாள். இருபத்து மூன்று நோயாளிகள். ஒருவருக்கு இன்று பதினொன்றரைக்கு அறுவை சிகிச்சை. மாசானம், லாரி ஓட்டுநர், கால் முறிவு. நினைவில்லாமல் தூக்கி வரப்பட்டு, இப்போது தெளிந்திருப்பவர்.

மணி பதினொன்று.

ஆண்கள் வார்டுக்குப் போன் அடித்தாள். வெகுநேரம் கழித்து சிஸ்டர் ஜெபசீலி எடுத்தார்.

“மாசானத்துக்கு ஊசி போட்டாச்சா சிஸ்டர்?”

“கையில எடுத்துட்டேன். போடப் போறேன்.”

“போடாதீங்க! மருந்து ஏதும் ஆகாதான்னு அவர்கிட்ட கேட்டுட்டு வாங்க.”

“அதான் ஸ்க்ரீன்லயே இல்லன்னு போட்டிருக்கே.”

“அது தப்பு சிஸ்டர். அவர்கிட்ட யாரும் கேக்கவே இல்ல. என் தப்பு.”

ரிசீவரை மேசைமேல் வைக்கும் சத்தம். செருப்புச் சத்தம் தேய்ந்து போனது. பிறகு மின்விசிறி சுற்றுவது மட்டும் கேட்டது.



செருப்புச் சத்தம் திரும்பியது. இந்த முறை ஓடி வந்தது.

“பென்சிலின் ஆகாதாம் மேடம். முன்ன ஒருதடவ போட்டு, மூச்சு நின்னு பொழச்சிருக்காரு.” சிஸ்டருக்கு மூச்சு வாங்கியது. “டாக்டர் இங்கதான் நிக்காரு. வேற மருந்து எழுதுதாரு.”

அவள் நாற்காலியில் உட்கார்ந்தாள். அதுவரை நின்றுகொண்டிருந்ததே அப்போதுதான் தெரிந்தது. அழுகை வந்தது. கூடவே சிரிப்பும் வந்தது.

எல்லா வார்டுகளுக்கும் போனில் சொன்னாள். நிரலைத் திருத்தினாள். காலிக் கட்டங்கள் இப்போது ‘தெரியாது, கேட்கவும்’ என்று சிவப்பில் காட்டின.

மீதி இருபத்திரண்டு பேர்.

அறையிலேயே இருந்திருக்கலாம். இருப்புக்கொள்ளவில்லை. பட்டியலை அச்செடுத்துக்கொண்டு தானும் படியிறங்கினாள்.

பெண்கள் வார்டு, முதல் கட்டில். வந்து நாலு நாளான ஒரு அம்மாள். துணைக்கு யாரையும் காணோம்.

“உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்மா.”

அந்த அம்மாள் அவளை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு மெல்லக் காலை மடக்கி, கட்டிலில் இடம் விட்டார்.

“ஒண்ணென்ன, உக்காந்து எல்லாத்தையும் கேளு.”