அந்தச் சொல் இங்கே கிடையாது

காலை பதினோரு மணிக்கு, மூன்றாவது தடவையாக, சுப்பிரமணியன் வந்து கதவைத் தட்டினார்.

செல்லாயி உள்ளறைக் கதவைச் சாத்திவிட்டு வந்து திறந்தாள்.

சிதம்பரத்துக்காரர். பேச்சுவழக்குச் சொற்களைத் தொகுக்கிறாராம். முதல் இரண்டு தடவையும் காற்று, அலை, வலை என்று கேட்டுவிட்டுப் போனார். தேவனாம்பட்டினத்தில் இத்தனை வீடு இருக்க, இந்த வீட்டுக்கே ஏன் வரவேண்டும்?

மகள் வினோதினிக்குச் சிதம்பரத்து மாப்பிள்ளையைப் பேசி முடித்திருந்தார்கள். மீன்பிடித் தடைக்காலம் முடிவதற்குள் கல்யாணம். அதற்குள் மாப்பிள்ளை வீட்டார் யாரையாவது வேவு பார்க்க அனுப்பாமல் இருப்பார்களா? செல்லாயி வீட்டாரே அப்படி ஆள் அனுப்பியவர்கள்தான். செல்லாயியின் தம்பி பக்கிரி, பழைய பைக் வாங்க வந்தவன்போல மாப்பிள்ளை வீட்டுத் தெருவில் அரைநாள் சுற்றிவிட்டு வந்து, "பையன் தங்கம்க்கா" என்றிருந்தான்.

சுப்பிரமணியன் தண்ணீரைக் குடித்துவிட்டு நிதானமாகக் கேட்டார்.

"மூச்சு விடும்போது நெஞ்சுல சத்தம் வருமே, அதுக்கு இங்க என்னம்மா சொல்லுவீங்க?"

உள்ளறையில் வினோதினிக்குக் காலையிலிருந்து அதுதான். இதைக் கேள்விப்பட்டுத்தான் முன்பு பேசிய பரங்கிப்பேட்டைச் சம்பந்தம் முறிந்தது.

"இருங்க சார், கொழம்புக்கு அரைக்கணும்."

செல்லாயி சமையலறைக்குப் போய் மிக்ஸியைப் போட்டாள். அவர் குரலை உயர்த்தினார்.

"சில ஊர்ல இழுப்பும்பாங்க. பழைய சொல்லு இரைப்பு. கடல் இரையுதுன்னு சொல்றீங்கல்ல, அதேதான். கடல்லேருந்து நெஞ்சுக்கு வந்துச்சா, நெஞ்சுலேருந்து கடலுக்குப் போச்சான்னுதான் தெரியல."

"கடல் இரையும் சார்." செல்லாயி மிக்ஸியை நிறுத்தவில்லை. "எங்க ஊட்டுல மனுஷங்க யாரும் இரையறது இல்ல. அந்தச் சொல்லே இங்க கிடையாது."

"சிதம்பரத்துலயும் ஒரு வீட்டுல இப்படித்தான் சொன்னாங்க" என்றபடி செருப்பை மாட்டினார். வாசலில் திரும்பினார்.

"வெறும் ஜாடிய ரொம்ப நேரம் ஓட்டாதீங்கம்மா. மோட்டார் போயிடும்."

அவர் ஏறிய பஸ்ஸிலேயே பக்கிரியைப் பின்னால் அனுப்பினாள். மதியம் போன் வந்தது.

"அக்கா, அந்த ஆளு நேரா மாப்பிள்ளை ஊட்டுக்குள்ளதான் போறாரு. காப்பியெல்லாம் குடுக்கறாங்க."

செல்லாயி அன்றைக்கு அடுப்பே பற்றவைக்கவில்லை. படித்த மனுஷன் இப்படிக் குடிகெடுப்பானா என்று வாய்க்கு வந்தபடி திட்டினாள். சம்பந்தம் வேண்டாம் என்று போன் வரும் என்று நாள்கணக்கில் காத்திருந்தாள். வரவில்லை.

2025 ஜூன் 6, வெள்ளிக்கிழமை, சிதம்பரத்தில் கல்யாணம் நடந்தது. சுப்பிரமணியனும் வந்து சாப்பிட்டுவிட்டுப் போனார்.

ஞாயிற்றுக்கிழமை, மறுவிருந்துக்கு அழைக்க செல்லாயி சம்பந்தி வீட்டுக்குப் போனாள். வினோதினி பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். மூச்சு சீராக இருந்தது. மாப்பிள்ளை எங்கே என்றதற்கு, அசதியில் படுத்திருக்கிறான் என்றாள் அவன் அம்மா.

மூடியிருந்த அறைக்குள்ளிருந்து கீச்சுக் கீச்சென்று சத்தம் வந்தது. செல்லாயிக்கு மகளிடம் கேட்டு நன்றாகப் பழகிய சத்தம்.

"ஒரு நிமிஷம் சம்பந்தி, மசாலா அரைக்கணும்." அந்த அம்மா அவசரமாக எழுந்து போய் மிக்ஸியைப் போட்டாள்.

ஜாடியில் ஒன்றும் இல்லை.