குறை இல்லாத லென்ஸ்

"புதுசு மாதிரியே இருக்கு. ஏண்ணே விக்கிறீங்க?"

விஸ்வா லென்ஸைக் கையில் வைத்துக்கொண்டு சந்தேகத்தோடு கேட்டான். விளம்பரம் பார்த்துவிட்டுத் தஞ்சாவூரிலிருந்து ஒரத்தநாட்டு ஸ்டுடியோவுக்கு வந்திருந்தான்.

"அந்தக் காலத்து லென்ஸ் மாதிரியே செஞ்சிருக்கான் தம்பி. முழுக்க மெட்டல். வெளிச்சம் கம்மியா இருந்தாலும் ஃப்ளாஷ் தேவையில்ல" என்றார் ஸ்டுடியோக்காரர் அறிவொளி.

"ஆட்டோஃபோகஸ் இல்லையேண்ணே. அதான் யோசனையா இருக்கு."

"அதானே விசேஷம்! இதுல கேமரா முடிவு பண்ணாது. யார் தெளிவா தெரியணும்னு நாமதான் வளையத்தைத் திருப்பி வைக்கணும்."

"உள்ள பூஞ்சை ஏதும் பிடிச்சிருக்கா?"

"ஒரு குறையும் இல்ல. நான் எடுத்ததையே பாருங்க."

கம்ப்யூட்டரில் அவர் மகளின் காதுகுத்துப் படம் வந்தது. குழந்தையின் கண்ணில் நின்ற நீர்கூடப் பளிச்சென்று தெரிந்தது.

"அடேங்கப்பா! பின்னாடி எல்லாம் எப்படிக் கரைஞ்சு போயிருக்கு! அந்த வெள்ளைத் தூண்கூடப் பனிமூட்டம் மாதிரி இருக்குண்ணே."

"தூண் இல்ல தம்பி. எங்க அப்பா."

விஸ்வா படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தான். முகம் அடையாளம் தெரியவில்லை.

அறிவொளி படங்களைத் தள்ளிக்கொண்டே போனார். பொங்கல், பிறந்தநாள், கிரகப்பிரவேசம். எல்லாவற்றிலும் பின்னால் அதே வெள்ளை மங்கல்.

"போன மாசம் தவறிட்டாரு. மாலை போட ஒரு படம் தேடினேன், கிடைக்கல. ஊருக்கே படம் எடுக்கிறவன் வீட்டுல, ஆதார் கார்டு படத்தைத்தான் பெருசு பண்ணி மாட்டியிருக்கு."