சிரிப்பு ஷாட்

படத்தில் பிணமாக நடித்தவர் எழுவதற்கு முன் கேமராவைப் பார்த்துச் சிரித்துவிட வேண்டும். இல்லாவிட்டால் சாவு ஒட்டிக்கொள்ளுமாம். ஒரு காலத்தில் கதாநாயகியாக இருந்த ரூபலேகா பாடையில் படுத்தபடி அதற்காகக் காத்திருந்தாள். கேமரா புதிய கதாநாயகியிடம் போய்விட்டது.

“எந்திரிங்கம்மா, பாடைய எடுக்கணும்,” என்றார் இணை இயக்குநர்.

“சிரிப்பு ஷாட் எடுக்கலையே சார்?”

“உங்களுக்குமா அது?” சலித்துக்கொண்டே செல்போனை நீட்டினார். “சரி, சிரிங்க.”

முப்பது வருடம் காலண்டர்களில் தொங்கிய சிரிப்பை அவள் சிரித்தாள். அவர் போனை ஆன்கூடச் செய்யவில்லை. திரை அவள் பக்கம் இருந்தது. அந்தக் கறுப்புக் கண்ணாடியில், மூக்கில் பஞ்சு வைத்த ஒரு கிழவி பல்லைக் காட்டினாள்.

“டேக் ஓகே,” என்றார் அவர்.

அவள் எழுந்திருக்கவில்லை.