கொடியை அறுத்தவள்

"போலீசைக் கூப்பிடுங்க! கையும் களவுமா புடிச்சாச்சு!"

எங்க காலனி செகரெட்டரி செல்வகுமார் போட்ட கத்தல்ல பருத்திப்பட்டு ஏரி கொக்கெல்லாம் பறந்துடுச்சு. எங்க ஊட்டுக்காரர் ஆவடி டேங்க் பேக்டரில முப்பது வருசம் இரும்பு அடிச்சவரு. அங்ககூட இவ்ளோ சத்தம் வந்திருக்காது.

புடிபட்டது நாகவல்லி. காலனி பெருக்குறவ. இடுப்புல கூடை. கூடை நெறய ஆடுதீண்டாப்பாளைக் கொடி.

பாம்புக்கடிக்கு அது மருந்துன்னு என் மாமியா சொல்லுவா. அவ நாக்குக்கு எந்தக் கொடிலயும் மருந்து இல்ல, அது வேற கதை.

காட்டுல அழிஞ்சுகினு வர்ற பட்டாம்பூச்சி ஒண்ணு, எங்க காம்பவுண்டு செவுத்துக் கொடில முட்டை வெச்சு, அது பொரிஞ்சும் பூடுச்சு. அதோட புழு இந்த எலையத்தான் துன்னுமாம். வேற எது குட்த்தாலும் பட்டினி கெடந்து செத்துப்பூடுமாம். செல்வகுமார்தான் 'கொடியைத் தொடாதே'ன்னு போர்டு வெச்சாரு, பேப்பர்ல அவரு போட்டோ வந்துச்சு. சாயந்திரம் பாரஸ்ட்டு ஆபீசு பெரிய அதிகாரி அதைப் பாக்க வர்றாரு. அதுக்குள்ள இவ கொடியையே அறுத்துட்டா!

"நாட்டு மருந்துக் கடைக்கு விக்கத்தானே அறுத்தே, திருடி?"

"விப்பேன், வறுத்துத் துன்னுவேன். உனக்கு இன்னா?"

"வேலை போயிடும்!"

"போவட்டும். ஆவடில வேற தெருவே இல்லியா பெருக்க?"

"ஜெயிலுக்குப் போவே!"

"இட்டுகினு போ. கூடையோட வர்றேன்."

எனக்கு வாய் சும்மா இருக்குமா? "ஏண்டி, அந்த ஜீவன் உன்னை இன்னாடி பண்ணுச்சு?"ன்னு கேட்டேன்.

"ஆயா, திருடின்னு சொல்றதுக்கு முன்னாடி 'ஏன் அறுத்தே'ன்னு ஒரு வார்த்தை கேட்டானா இவன்? கேக்காதவனுக்கு நான் எதுக்கு சொல்லணும்?"

செல்வகுமார் கூடையைப் புடுங்கப் போனாரு. நாகவல்லி அதைக் கட்டிப்புடிச்சிகினு திரும்பி நின்னா.

"என்னை வேணா அடி. கூடைல கை வெச்சே, நடக்குறதே வேற!"

அப்போ கேட்டு தெறந்துச்சு. கொசுமருந்து அடிக்கிற மஸ்தான், தோள்ல புகை மிஷினோட வந்தாரு.

"செகரெட்டரி சார், அதிகாரி வர்றப்ப ஒரு கொசு இருக்கக்கூடாதுன்னு காலைல போன் பண்ணீங்களே. நீங்க சொன்ன மாதிரியே செவுத்துக் கொடிலேந்து ஆரம்பிக்கட்டுமா?"

செல்வகுமார் அந்த போன் பேசுறப்ப நாகவல்லி பக்கத்துலயே பெருக்கிகினு இருந்தது அப்பதான் எனக்கு ஞாபகம் வந்துச்சு.

நாகவல்லிதான் பதில் சொன்னா:

"புழு மொத்தமும் கூடைக்கு வந்துடுச்சு, அண்ணாத்தே. இப்போ நீ அடி."